கதை வாசிக்கும் பிள்ளையைத் தகவல் நூலுக்குள் அழைத்துச் செல்வது எப்படி?

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மகள் தரம் 4 இல் படிக்கிறாள். கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் சாப்பாட்டையும் மறந்து முடித்துவிடுகிறாள். விலங்குகள், கோள்கள், நோய்கள் பற்றிய நூலைக் கொடுத்தால் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரிவரை வாசித்துவிட்டு, என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிக்கிறாள். ஒரு விடயத்தைத் தேடி எடுக்கச் சொன்னால் மறுபடியும் முதலாம் பக்கத்திற்குப் போகிறாள். பொருளடக்கம், உபதலைப்பு, படவிளக்கம், சொல்லடைவு (நூலின் கடைசியில் சொற்களை அகரவரிசையில் பக்க இலக்கத்தோடு தரும் பட்டியல்) ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கும் நல்ல பயிற்சி நூல் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை, அந்தப் பெயர்கள் அவளுக்குத் தெரியாதது உங்கள் கவலை இல்லை. தனக்கு வேண்டியது நூலின் எந்த இடத்தில் இருக்கும் என்று யோசித்து நேரே அங்கே போகும் பழக்கம் அவளுக்கு இன்னும் வரவில்லை; அதை எப்படி வரவழைப்பது என்பதே நீங்கள் கேட்க வந்தது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் கொழும்பில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக நெடுங்காலம் இருந்தவள். பிற்பாடு பாடசாலை நூலகமும் என் பொறுப்பில் இருந்தது. எனக்குத் தெரிந்தவர்கள் தமிழ் மொழிமூலம் படிக்கும், ஏழு முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகள். கீழே எழுதுவதில் ஆய்வாளர்கள் நிறுவியவை சில, வகுப்பறையில் நான் கண்டவை பல. எது எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் மகளிடம் குறை எதுவும் இல்லை. கதை என்பது முதலிலிருந்து முடிவுவரை வரிசையாக வாசிக்க வேண்டிய ஒன்று. நடுவில் திறந்தால் கெட்டுவிடும். பிள்ளைகள் சிறு வயதிலிருந்து வாசிப்பது பெரும்பாலும் கதைகளையே என்பதால், வாசிப்பு என்றாலே இப்படித்தான் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. இது நம் ஊரில் மட்டும் உள்ள நிலைமை இல்லை. அமெரிக்காவில் நெல் டியூக் என்ற ஆய்வாளர் முதலாம் வகுப்பு அறைகள் இருபதைக் கவனித்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அங்கே தகவல் நூல்களோடு செலவிடப்பட்ட நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 3.6 நிமிடம் மட்டுமே என்று கண்டார். நூல்கள் நிறைந்த நாட்டிலேயே அப்படி என்றால், தமிழில் சிறுவருக்கான நல்ல தகவல் நூலைத் தேடி அலைய வேண்டியிருக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகள் தனக்குத் தெரிந்த ஒரே முறையில் வாசிக்கிறாள்.

பயிற்சி நூலைப் பற்றி நேரடியாகச் சொல்கிறேன்: அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். 'பொருளடக்கம் நூலின் எப்பகுதியில் காணப்படும்?' என்று கேட்டு இடைவெளி நிரப்பச் சொல்லும் தாள்களை நானும் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் முழுப் புள்ளி எடுப்பார்கள். அடுத்த நாள் நூலகத்தில் ஒரு நூலைக் கையில் எடுத்தால் பழையபடி முதல் வரியில் தொடங்குவார்கள். பெயர் தெரிந்துகொள்வதும் பயன்படுத்துவதும் வேறு வேறு. காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைக்குப் பெயர்ப்பலகையின் பாகங்களை யாரும் பாடமாக நடத்துவதில்லை. கோட்டைக்குப் போக வேண்டும் என்ற தேவை இருப்பதால், வரும் பஸ்ஸில் 100 என்ற இலக்கத்தை அது தானாகவே தேடுகிறது. நூலிலும் தேவை முதலில் வர வேண்டும். பொருளடக்கமும் சொல்லடைவும் அந்தத் தேவைக்குப் பின்னால் வர வேண்டும். நான் சொல்ல விரும்பும் முக்கியமான விடயம் இதுதான்.

எனவே நூலைத் திறப்பதற்கு முன் கேள்வி. அந்தக் கேள்வி அவளுடையதாக இருக்கட்டும். கொழும்பில் டெங்கு பற்றிப் பேசாத வீடு இல்லை. 'பூச்சாடித் தட்டில் தண்ணீர் நின்றால் எத்தனை நாளில் நுளம்பு வரும்?' என்று அவள் எப்போதாவது கேட்டிருப்பாள். அதை ஒரு சிறு தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு நூலை மூடியபடியே, 'இது எந்தத் தலைப்பின் கீழ் இருக்கும் என்று நினைக்கிறாய்?' என்று கேளுங்கள். அவள் ஏதாவது சொல்வாள். பொருளடக்கத்தைத் திறந்து பாருங்கள். 'பூச்சிகள்' என்றும் 'நோய்கள்' என்றும் இரண்டு அத்தியாயங்கள் இருந்தால் எதற்குப் போவது? முதல் சில தடவைகள் நீங்களே வாய்விட்டு யோசித்துக் காட்டுங்கள்: 'நோய்கள் என்ற பகுதியில் காய்ச்சல் பற்றி இருக்கும், எனக்கு வேண்டியது நுளம்பு வளரும் நாள் கணக்கு, ஆகவே பூச்சிகளுக்குப் போகிறேன், அங்கே வாழ்க்கை வட்டம் என்ற உபதலைப்பு இருக்கிறதா பார்க்கிறேன்.' பெரியவர் செய்து காட்டுவது, பிறகு சேர்ந்து செய்வது, பிறகு பிள்ளை தனியே செய்வது என்ற இந்தப் படிமுறையை 1983 இல் பியர்சன், கலகர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வாசிப்புக் கற்பித்தலுக்காக எழுதிவைத்தார்கள். நல்ல ஆசிரியர்கள் அதற்கு முன்பும் அப்படித்தான் செய்திருப்பார்கள். விடை கிடைத்ததும், வெப்பமான இடங்களில் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் என்று தெரிந்ததும், மாநகர சபை ஊழியர்கள் வாரம் ஒருமுறை துப்புரவு செய்யுங்கள் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதும் அவளுக்கு விளங்கும். அந்த நூலை மூடிவிடலாம். முழுவதும் வாசி என்று கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரு பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு நூலை மூடுவதற்கு அனுமதி உண்டு என்பதே பல பிள்ளைகளுக்குப் புதிய செய்தி.

பக்கத்துக்கு வந்துவிட்டால் அடுத்த வேலை, வரிவரியாக வாசிக்காமல் கண்ணால் துழாவுவது. ஆங்கில முறைகளை அப்படியே எடுத்துக் கையாளும் வழிகாட்டிகள் தமிழ்ப் பிள்ளையைக் கைவிடும் இடம் இது. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர், ஆட்பெயர் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்குவதால் கண்ணில் படும். தமிழில் அந்த வசதி கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், நம் சொற்கள் வேற்றுமை ஏற்கும்போது உருமாறுவது. 'ஆறு' என்ற சொல்லைத் தேடும் பிள்ளைக்குப் பக்கத்தில் 'ஆற்றின்', 'ஆற்றங்கரை' என்றுதான் கிடைக்கும். 'குளம்' தேடினால் 'குளத்தில்', 'மரம்' தேடினால் 'மரத்தை'. எட்டு வயதுப் பிள்ளை கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தாண்டிப் போய், 'இல்லை ரீச்சர்' என்று சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே தேடுவதற்கு முன், அந்தச் சொல் என்னென்ன உருவில் வரக்கூடும் என்று இரண்டு மூன்றைச் சொல்லிப் பார்க்கப் பழக்குங்கள். இலக்கங்கள் மட்டும் தமிழ்ப் பக்கத்திலும் தனித்துத் தெரியும். 'மகாவலி கங்கையின் நீளம் என்ன?', 'பீதுருதாலகாலை எவ்வளவு உயரம்?' போன்ற கேள்விகளில் தொடங்கினால், 335 கிலோமீற்றரும் 2524 மீற்றரும் சட்டென்று அகப்படும். தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை அங்கே பிறக்கும். பிறகு சொற்களுக்குப் போகலாம்.

சொல்லடைவு இன்னும் கடினம். தமிழில் அதற்கு அகரவரிசை கைவசம் இருக்க வேண்டும். உயிர் பன்னிரண்டையும் பிள்ளைகள் பாடமாகச் சொல்வார்கள். மெய்களின் வரிசையில் ழ, ள, ற, ன நான்கும் கடைசியில் வருவது பலருக்கு மறந்துபோகும். பறவையைத் தேடும் பிள்ளை பருந்துக்குப் பக்கத்தில் தேடும். சரியான வரிசையோ பப்பாசி, பம்பரம், பயறு, பருந்து, பலா, பழம், பறவை, பன்றி என்று போகும். இன்னும் இரண்டு இடங்களில் தடுக்கும். ஒன்று, கொம்பு. 'கொக்கு' என்று எழுதும்போது எழுத்துக்கு முன்னால் கொம்பு நிற்பதால், இதை எங்கே தேடுவது என்று பிள்ளை குழம்பும். க வரிசையில் கெ, கே, கை தாண்டித்தான் கொ என்று ஓரிரு முறை விரல் வைத்துக் காட்ட வேண்டும். மற்றது, புள்ளி வைத்த எழுத்து. அகராதியில் 'அக்கா' முதலில் வரும், 'அகத்தி' பின்னால். இது பெரியவர்களுக்கே தெரியாமல் இருப்பதுண்டு. சில நூல்களில் கணினி தானாக அடுக்கிய வரிசை அப்படியே அச்சாகிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். யுனிகோட்டில் ற என்பது ர வுக்கு அடுத்தும், ன என்பது ந வுக்கு அடுத்தும் இடம்பெற்றிருப்பதால், முறையாக வரிசைப்படுத்தாத பட்டியலில் பன்றி பப்பாசிக்கு முன்னால் போய் நிற்கும். அப்படிப்பட்ட நூல் கையில் இருந்தால் பிள்ளையின் மீது பிழை சொல்லாதீர்கள்.

தமிழில் சிறுவர் நூல்கள் பலவற்றில் சொல்லடைவே இருப்பதில்லை. உ.வே. சாமிநாதையர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சங்க நூல்களைப் பதிப்பித்தபோது கடினமான சொற்களுக்குப் பொருள் தரும் அரும்பத அகராதியைத் தொகுத்துச் சேர்த்தார். யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902 இல் அபிதானகோசம் என்ற கலைக்களஞ்சியத்தை அகரவரிசையில் அமைத்துத் தந்தார். அந்தப் பழக்கம் சிறுவர் நூல்களுக்கு ஏன் இறங்கி வரவில்லை என்பது எனக்கு நீண்டநாள் வருத்தம். ஆனால் இந்தக் குறையைக் கொண்டே மிக நல்ல பயிற்சி ஒன்றைச் செய்ய முடியும்: அவளையே ஒரு சொல்லடைவு செய்யச் சொல்லுங்கள். அவளுடைய சுற்றாடல் பாடநூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்திற்கு இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சொல்லையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, பக்க இலக்கத்தையும் குறித்து, தரையில் பரப்பி அகரவரிசையில் அடுக்கட்டும். எந்தச் சொல் சேர்க்கத் தகுந்தது என்று தீர்மானிப்பதுதான் இதில் உண்மையான படிப்பு. 'தண்ணீர்' என்ற சொல் இருபது பக்கங்களில் வருகிறது. எல்லாவற்றையும் எழுதலாமா, தண்ணீரைப் பற்றி ஏதாவது சொல்லும் பக்கத்தை மட்டும் எழுதலாமா? இந்த வாக்குவாதத்தை அவளோடு நடத்துங்கள். அடுக்கி முடித்ததும் கொப்பித் தாளில் எழுதி நூலின் பின்னட்டையில் ஒட்டிவிட்டு, அதைக் கொண்டு ஒரு விடயத்தை நீங்கள் தேடிக் காட்டுங்கள். தான் செய்த பட்டியல் அப்பாவுக்கு வழிகாட்டுவதைப் பார்த்த பிள்ளை, அடுத்த நூலின் கடைசிப் பக்கத்தைத் தானாகவே திருப்பிப் பார்க்கும். எல்லாப் பிள்ளைகளும் என்று சொல்ல மாட்டேன். என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலானோர் அப்படிச் செய்தார்கள்.

இங்கே கிடைக்கும் நூல்களில் கணிசமானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. நுளம்பைத் தேடினால் அவற்றில் கொசு என்றுதான் இருக்கும். நம் பாடநூலில் யப்பான் என்றிருப்பது அங்கே ஜப்பான். ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளைக் கடைசியில் வைக்கும் நூல்களும் உண்டு. ஒரு சொல் கிடைக்காவிட்டால் வேறு சொல்லால் தேடு என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும். பெற்றோர் மிகக் குறைவாகக் கவனிக்கும் பகுதி இதுதான். படம் இருந்தால் பிள்ளைக்கு எளிது என்று நினைக்கிறோம். கதைப் புத்தகத்தின் படம் எளிதுதான். தகவல் நூலின் வரிப்படத்தை வாசிக்கப் பழக வேண்டும். ஒரு நூலில் இடப்பக்கம் முழுக்க நுளம்பு, வலப்பக்கத்தில் பாதியளவில் யானை இருந்தால், ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டின் அளவும் உண்மையில் மயங்கும். டெங்கைப் பரப்பும் நுளம்பின் உடல் நீளம் 4 முதல் 7 மில்லிமீற்றர். அடிமட்டத்தை வைத்து அந்த நீளத்துக்குப் படத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். 'பெரிதாக்கப்பட்டது' என்று மூலையில் சிறிய எழுத்தில் இருப்பதை அதற்குப் பிறகு அவள் தவறவிட மாட்டாள். வெட்டுமுகப் படமும் அப்படியே. ஒரு பப்பாசியை நீளவாக்கிலும் இன்னொன்றைக் குறுக்காகவும் வெட்டி வைத்து இரண்டையும் வரையச் சொல்லுங்கள். நீளவாக்கில் வெட்டியதில் விதைகள் ஒரு நீண்ட குழியில் கிடக்கும். குறுக்காக வெட்டியதில் அதே குழி ஐந்து முனை உள்ள நட்சத்திரமாகத் தெரியும். ஒரே பழம், இரண்டு படம். இதைக் கையால் செய்த பிள்ளைக்குப் பூவின் நெடுக்குவெட்டும் தண்டின் குறுக்குவெட்டும் பிறகு புதிராக இருப்பதில்லை.

அம்புக்குறிதான் மிகவும் ஏமாற்றுவது. வாழ்க்கை வட்டத்தில் முட்டையிலிருந்து குடம்பிக்குப் போகும் அம்பு, காலம் செல்வதைக் காட்டுகிறது. உணவுச் சங்கிலியில் புல்லிலிருந்து முயலுக்குப் போகும் அம்பு, உணவு போய்ச் சேரும் திசையைக் காட்டுகிறது. பிள்ளைகளோ 'புல் முயலைத் தின்னும்' என்று வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள், அல்லது அம்பைத் தலைகீழாகப் போடுவார்கள். உடலின் பாகங்களைக் குறிக்கும் கோட்டுக்குத் திசையே இல்லை. ஆகவே ஒவ்வொரு படத்திலும் 'இந்த அம்பு என்ன சொல்கிறது?' என்று ஒருமுறை கேளுங்கள். வட்டமாக இருக்கும் படத்தில் எங்கே தொடங்குவது என்பதையும் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் பெரிதாக வரைந்த நுளம்பில் தொடங்குவார்கள். படத்தையும் சொல்லையும் இணைத்து வாசிக்கவைக்கும் முயற்சி பழையது. கொமேனியஸ் என்ற ஐரோப்பியக் கல்வியாளர் 1658 இல் வெளியிட்ட சிறுவர் பாடநூலில் படத்தின் ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கமிட்டு, அதே இலக்கத்தை எழுத்திலும் கொடுத்தார். நம் காலத்தில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளரின் பரிசோதனைகள், விளக்கம் படத்துக்கு அருகிலேயே இருக்கும்போது கற்றல் கூடுகிறது என்று காட்டின. நூலில் அவை தள்ளி இருந்தால் பிள்ளையின் ஒரு விரல் படத்திலும் மற்றது வரியிலும் இருக்கட்டும். வெறும் அழகுக்காகப் போட்ட படங்களும் உண்டு. சுவையாக இருந்து விடயத்தோடு ஒட்டாத படமும் துணுக்கும் முக்கியமானதை மறக்கடிக்கும் என்பதும் மேயர் குழுவினரின் பரிசோதனைகளில் தெரியவந்தது. 'உனக்குத் தெரியுமா?' பெட்டியை மட்டும் வாசித்துவிட்டு மற்றதை விடும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

உபதலைப்புகளைக் கேள்வியாக மாற்றி வாசிக்கும் முறை பலருக்குத் தெரிந்தது. ஒஹாயோவில் பிரான்சிஸ் ரொபின்சன் 1946 இல் இதை ஐந்து படிகளாக வகுத்தார். அவர் வகுத்தது பல்கலைக்கழக மாணவர்களுக்கு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஐந்து படியும் சுமை. 'வௌவாலின் உணவு' என்ற தலைப்பை 'வௌவால் என்ன தின்னும்?' என்று மாற்றுவது மட்டும் போதும். வாசிப்பதற்கு முன் விடயத்தின் உருவத்தை மனத்தில் அமைத்துக்கொண்டால் புதியதைப் பற்றிக்கொள்வது எளிது என்று டேவிட் ஓசுபெல் என்ற உளவியலாளர் 1960 இல் எழுதினார். தலைப்புகளை முதலில் ஒரு பார்வை பார்ப்பதன் நியாயம் அங்கிருந்து வருகிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இப்படிப் பழகிய பிள்ளைக்குப் புலமைப்பரிசில் பரீட்சையில் புள்ளி கூடுமா என்றால், நான் உறுதி தர மாட்டேன். அந்தப் பரீட்சைக்கு வேகமும் வேறு பல பயிற்சிகளும் வேண்டும். தரம் 6 இல் வரலாறு, புவியியல், விஞ்ஞானம் என்று தனித்தனி நூல்கள் கையில் வரும்போது இந்தப் பழக்கம் கைகொடுப்பதைக் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். அதை மட்டும் சொல்ல முடியும்.

நூலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எதிரேயுள்ள கொழும்புப் பொது நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை அழைத்துப் போங்கள். நூலகங்கள் நூல்களைப் பொருள்வாரியாக இலக்கமிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பு முறையில் பறவைகளுக்கு 598, பாலூட்டிகளுக்கு 599. இலக்கத்தைச் சொல்லி அலுமாரியை அவளே கண்டுபிடிக்க விடுங்கள். ஆங்கில நூலாக இருந்தாலும் தயங்க வேண்டாம்; படமும் பொருளடக்கமும் எந்த மொழியிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வீட்டில் தினசரிப் பத்திரிகை வாங்கினால் அதுவே நல்ல பாடநூல். தலைப்பு, படவிளக்கம், 'தொடர்ச்சி 4 ஆம் பக்கம்' என்ற குறிப்பு, வானிலை அட்டவணை எல்லாம் அதில் உண்டு. பாடநூல்களின் கணினிப் பிரதிகளைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எடுக்கலாம். திரையில் தேடுபெட்டி இருப்பதால் சொல்லடைவு தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். தேடுபெட்டியிலும் 'ஆறு' என்று போட்டால் 'ஆற்றின்' வராது. காகிதத்தில் பழகிய பிறகு திரைக்கு விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. இது என் அபிப்பிராயம். இதற்கு எதிராகப் பேசும் நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

ஒன்றை உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து நான் தீர்மானிக்க முடியாது. அவள் கதையைச் சரளமாக வாசிக்கிறாள் என்கிறீர்கள். தெரிந்த கதையாக இல்லாமல், முன்பு பார்த்திராத ஒரு பக்கத்தை உரத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சொற்களில் தடுக்கினால், வரி தாவினால், கண்ணுக்கு மிக அருகில் வைத்தால், மேலே சொன்னவற்றை ஒத்திவைத்துவிட்டு முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள், வகுப்பாசிரியரிடமும் பேசுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் வாரத்துக்கு ஒரு கேள்வி, ஒரு நூல், இருபது நிமிடம் என்று தொடங்குங்கள். ஒரு தவணை முடிந்த பின் சொல்லடைவு செய்யும் வேலைக்குப் போகலாம். அகரவரிசை அதற்குள் பிடிபட்டிருக்கும்.